பர்கிஸ் தம்பதியர் படகு வாங்கப் போனது

எங்கள் ஓல்ட்ஹேவனில் செப்டம்பர் வந்தால் துறைமுகத்தில் படகுக் கண்காட்சி போடுவார்கள். ஊரே போகும். யாரும் படகு வாங்குவதில்லை. மழையில் நனைந்து, வறுத்த மீன் தின்று, கோடீஸ்வரர்களின் படுக்கையறைகளை வெறுங்காலோடு எட்டிப் பார்த்துவிட்டு, இலவசமாகக் கிடைத்த பைக்குள் இலவசமாகக் கிடைத்த மற்ற பைகளைத் திணித்துக்கொண்டு வீடு திரும்புவோம். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கும் குறையில்லை, படகு விற்கிறவர்களுக்கும் குறையில்லை. என் பக்கத்து வீட்டு நார்மன் பர்கிஸ் ஒருவர்தான் அங்கே நிஜமாகவே படகு வாங்கப் போனார். அதனால்தான் அவருக்கு அப்படி ஆயிற்று.

நார்மன் முப்பது வருடத்துக்கு மேல் ஊர் பஸ் ஓட்டியவர். மேட்டுக் குடியிருப்பில் கிளம்பி, துறைமுகம் வரை இறங்கி, அங்கே தண்ணீரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்று, பிறகு வண்டியை வளைத்துத் திருப்பிக்கொண்டு மறுபடி மேட்டுக்கே ஏறும் தடம் அவருடையது. அவர் மனைவி க்ளெனிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். விடுமுறை நாட்களில் சாண்ட்விச் பொட்டலத்தோடு கணவரின் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். துறைமுகத்தில் வண்டி திரும்பும்போதெல்லாம், “இந்த ஒரு வாட்டி திருப்பாம நேரா போயேன், நார்ம்” என்பார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். க்ளெனிஸ் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது நார்மனுக்கு மட்டும் தெரியும்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, போன வருடக் கண்காட்சியில், மார்வுட் என்ற கம்பெனியின் கடையில் ‘கர்லூ’ என்று ஒரு படகைப் பார்த்தார்கள். பெரிய படகு இல்லை. இரண்டு பேர் உள்ளேயே குடியிருக்கலாம். அடுப்பு, மேஜை, படுக்கை எல்லாம் உண்டு. க்ளெனிஸ் அதன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தார். அந்த மௌனத்தின் அர்த்தம் நார்மனுக்குத் தெரியும். அங்கே நின்றிருந்த விற்பனையாளரிடம் போய், இதை வாங்குவது பற்றிப் பேச வேண்டும் என்றார்.

விற்பனையாளரின் பெயர் பியர்ஸ் லாங்ரிஷ். நீலக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, ஏழு கடலும் சுற்றி வந்தவர் போல வெயிலில் பழுத்த முகம். (கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கட்டிப்போட்ட படகில்கூட மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஏறுவார். அந்த முகம் தோட்டத்தில் உட்கார்ந்து வாங்கியது.)

“வீடு சொந்தமா சார்?” என்று கேட்டார் லாங்ரிஷ்.

“சொந்தம்தான்.”

“அப்ப நீங்க இன்னும் கரையிலதான் நிக்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டை வெச்சுக்கிட்டு வர்றவங்க கனவு காண வர்றவங்க. நிஜமா வாங்கறவர் வித்துட்டுதான் வருவார். நீங்களும் வித்துட்டு வாங்க, உக்காந்து பேசலாம்.”

நார்மன் சொன்னதைச் செய்கிறவர். நிறுத்தம் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்திப் பழகியவர். வீட்டை விற்றுவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன்:

“அவசரப்படறீங்களோ, நார்மன்?”

“அவரே சொன்னாரேப்பா, வித்துட்டு வரச் சொல்லி.”

சோபா, அலமாரி, கட்டில் எல்லாம் தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடைக்குப் போயின. வீட்டின் சாவியைப் புது ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டிய நாள், இந்த வருடக் கண்காட்சியின் கடைசி நாளாக அமைந்தது. அதற்கு முந்தைய நாள் காலை, இருவரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்கள்.

மார்வுட் கடை வாசலில் கயிறு கட்டி, நீலக் கம்பளம் விரித்து, டாம்சின் என்ற இளம்பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். காதில் பேசும் கருவி, கையில் குடை.

“வணக்கம்! சும்மா சுத்திப் பார்க்க வந்தீங்களா, இல்ல...?”

“வாங்க வந்திருக்கோம்,” என்றார் நார்மன்.

டாம்சினின் சிரிப்பு அதே அகலத்தில் இருந்தது, ஆனால் அதற்குள் இருந்த ஆள் போய்விட்டாள். இருவர் கோட்டிலும் ஒரு வெள்ளை வட்டம் ஒட்டினாள். காதுக் கருவியில் மெதுவாக, “ரெண்டு ஐஸ்கிரீம் மேல வருது” என்றாள்.

“பாரேன், ஐஸ்கிரீமெல்லாம் குடுக்கறாங்க,” என்று க்ளெனிஸ் கணவரின் காதில் சொன்னார். ரொம்ப நேரம் அதை எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தார். (ஐஸ்கிரீம் தின்றபடி வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு விற்கிறவர்கள் வைத்த பெயர் அது.)

படகில் ஏறும் முன் செருப்பு, ஷூ எல்லாம் கழற்ற வேண்டும். எங்கள் பக்கத்துப் படகுகளில் இது எல்லோருக்கும் பொது. ஆனால் கழற்றியது எங்கே போகும் என்பதில் வித்தியாசம் உண்டு. வெள்ளை வட்டக்காரர்களின் ஷூக்கள் மழையில் திறந்து கிடந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் போயின. தங்க நிறத்தில் நங்கூரம் போட்ட வட்டம் ஒட்டியிருந்த சிலரின் ஷூக்களைக் கூரைக்கு அடியில் துண்டு விரித்து, ஜோடி ஜோடியாக, மூக்கு வெளியே பார்க்கும்படி அடுக்கியிருந்தார்கள். நார்மனின் இடது சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவர் அதை வலது காலால் மறைத்தபடி, நொண்டி நொண்டி ஏறினார்.

உள்ளே ஏழெட்டு வெள்ளை வட்டங்கள் முட்டிக்கொண்டு நின்றன. டாம்சின் கையை அசைத்து, “இது சமையல், இது சாப்பாடு, இது தூக்கம். அந்தப் பக்கமா இறங்கலாம்” என்றாள். க்ளெனிஸ் அடுப்புக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்தார். கடல் ஆடும்போது தட்டுகள் விழாமலிருக்க ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மரக்குச்சி வேலி கட்டியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, படுக்கையின் ஓரத்தில் லேசாக உட்கார்ந்தார்.

“மேடம், வெள்ளைக்கு உக்கார அனுமதி இல்லை.”

“எவ்வளவு நேரம் பார்க்கலாம்மா?”

“பார்த்து முடிக்கற வரைக்கும் பார்க்கலாம் மேடம். முடிஞ்சிடுச்சு.”

வெளியே கம்பளத்தின் மேல் லாங்ரிஷ் நின்றிருந்தார். நார்மனுக்கு அப்பாடா என்றிருந்தது. தெரிந்த முகம்.

“மிஸ்டர் லாங்ரிஷ்! ஞாபகம் இருக்கா? போன வருஷம் வந்தோமே. நீங்க சொன்ன மாதிரியே வீட்டை வித்தாச்சு. இப்ப சொல்லுங்க, இது என்ன விலை?”

கம்பளத்தின் மேல் பேச்சு நின்றது. எதிர்க் கடை விற்பனையாளர் ஒருவர், தெருவில் யாரோ வழுக்கி விழுந்ததைப் பார்த்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாங்ரிஷ் நார்மனின் முழங்கையைப் பிடித்து, கூடாரத்தின் மூலைக்கு அழைத்துப் போனார். குரலில் கோபமே இல்லை. வீட்டில் துக்கம் நடந்தவரிடம் பேசுகிற குரல்.

“சார், நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு. உங்க நல்லதுக்குச் சொல்றேன். வாங்க வந்திருக்கேன்னு சொல்றவர் வாங்கவே மாட்டார். நிஜமா வாங்கறவர், ‘சும்மா பார்க்க வந்தேன்’னு சொல்வார். விலை கேக்க மாட்டார். கேட்டா அவருக்கு அது முக்கியம்னு ஆயிடும் இல்லையா? விலை முக்கியம்னு நினைக்கறவருக்கு நாங்க எப்படி விக்கறது? வேற யாராவதா இருந்தா நீங்க கேட்டதை வெளியே சொல்லியிருப்பாங்க. நான் சொல்ல மாட்டேன்.”

“பணம் இருக்கு மிஸ்டர் லாங்ரிஷ். பேங்க்லயே இருக்கு. இப்பவே தர்றேன்.”

லாங்ரிஷ் கண்ணை மூடிக்கொண்டார். “தயவுசெஞ்சு, சார். பெண்கள் இருக்காங்க.”

“அப்ப நாங்க என்னதான் பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். நல்லா சுத்திப் பாருங்க. ஒரு பை வாங்கிக்குங்க. நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

“அதைத்தான் வித்துட்டோமே!”

“அது இன்னொரு சிக்கல் சார்,” என்றார் லாங்ரிஷ் வருத்தத்தோடு. “வீடு வாசல் இல்லாதவரை ஒரு கம்பெனி எதை நம்பி உக்கார வெச்சுப் பேசும்?”

தொட்டியிலிருந்து எடுத்தபோது நார்மனின் ஷூவில் ஒரு கோப்பை மழைத் தண்ணீர் இருந்தது. இருவரும் வீட்டுக்கு வந்து, கட்டில் இல்லாத அறையில், கம்பளத்தின் மேல் கோட்டுகளை விரித்துப் படுத்தார்கள்.

மறுநாள் காலை புது ஆட்கள் வந்துவிட்டார்கள். சின்ன வயதுத் தம்பதி, கதவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று வாசலிலேயே பேச ஆரம்பித்தார்கள். நார்மன் சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு நடைபாதையில் நின்றார். எங்கள் வரவேற்பறை சோபாவில் வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன்.

“ரொம்ப நன்றிப்பா,” என்றார் க்ளெனிஸ். “சோபால எத்தனை நாள் படுக்கறது? இன்னொரு வாட்டி போய்ப் பார்த்துடறோம்.” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “அவங்களுக்குப் பொய்தான் வேணும்னா குடுத்துட்டுப் போவோம், நார்ம்.”

“எனக்குப் பொய் சொல்ல வராது, க்ளென். உனக்கே தெரியும்.”

“நீ வாயைத் திறந்து எதுவும் பேச வேணாம். கொட்டாவி மட்டும் விடு.”

டாம்சினுக்கு அவர்களை அடையாளமே தெரியவில்லை. வெள்ளை வட்டங்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

“வணக்கம்! சும்மா சுத்திப் பார்க்க வந்தீங்களா, இல்ல...?”

“பார்க்கக்கூட வரலைம்மா,” என்றார் க்ளெனிஸ். “மழைக்கு ஒதுங்கினோம். இந்தப் பெட்டிகளை எங்கேயாவது போடணும், அவ்வளவுதான். இங்கே என்ன, படகா விக்கறீங்க? போன வருஷம்கூட ஏதோ ஒண்ணு பார்த்தோமே, எந்த ஊர்ல நார்ம்?”

நார்மன் கொட்டாவி விட்டார். கம்பளத்தில் படுத்துத் தூங்காத இரவின் கொட்டாவி, தாடை கழன்றுவிடும் போல வந்தது. டாம்சின் அவசர அவசரமாக இருவர் கோட்டிலும் தங்க நங்கூரம் ஒட்டினாள்.

“நங்கூரம் ரெண்டு,” என்றாள் கருவியில். “பெட்டியோட. கொட்டாவியோட!”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு ஊரில் நடந்தது போல இருந்தது. நேற்றைய ஈரம் இன்னும் காயாத அதே ஷூக்களை ஒருவர் இரண்டு கையாலும் வாங்கி, துடைத்து, துண்டின் மேல் வைத்தார். லாங்ரிஷ் ஓடி வந்தார். நார்மனின் முகத்தைப் பார்க்கும் முன் அவர் கண் சாக்ஸுக்குப் போனது. பெருவிரலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஓட்டை சாக்ஸ்,” என்று டாம்சினிடம் கிசுகிசுத்தார். “மூணு தலைமுறைப் பணம் இருந்தாதான் இந்த அலட்சியம் வரும்.”

மாடியில் நங்கூரங்களுக்கு மட்டும் ஒரு கூடம் இருந்தது. இறால், சாம்பெய்ன், மெத்தை நாற்காலிகள். நல்ல இடத்தில் சிவப்புக் கால்சட்டை போட்ட ஒரு கனமான மனிதர் சாய்ந்திருந்தார். மிஸ்டர் ஆலிஃபன்ட் என்று லாங்ரிஷ் அறிமுகம் செய்தார், ஏதோ கோயில் விக்கிரகத்தைக் காட்டுவது போல. “எங்களோட மிக முக்கியமான வாடிக்கையாளர்!”

லாங்ரிஷ் நகர்ந்ததும் நார்மன் மரியாதைக்குக் கேட்டார்: “நீங்க எந்தப் படகு வெச்சிருக்கீங்க சார்?”

“படகா? எனக்கா?” ஆலிஃபன்ட் இறாலை வாயருகே நிறுத்தினார். “நான் வாங்கற மாதிரி இருக்கறவன், தம்பி. பல வருஷமா இருக்கேன். ஒவ்வொரு செப்டம்பரும் இதோ வாங்கிடப்போறேன்னு இருக்கும். கிறிஸ்துமஸுக்கு லாங்ரிஷ் ஹாம் அனுப்பறார். என் நாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்து வருது. என் பெண் கல்யாணத்துல அழுதவர் அவர் ஒருத்தர்தான்.”

“ஆனா வாங்கினதே இல்லை?”

“என் சிநேகிதன் ஒருத்தன் வாங்கினான்.” ஆலிஃபன்ட் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் வரைக்கும் இந்த நாற்காலில உக்காந்திருந்தவன். கையெழுத்துப் போட்ட அன்னிக்கு சாயங்காலமே சர்வீஸ் பிரிவோட போன் நம்பரைக் குடுத்து அனுப்பிட்டாங்க. அவன் போன் பண்றான், அங்கே மணி அடிக்குது. அவ்வளவுதான். இந்த மாடிப்படி ஏற விட மாட்டாங்க இப்ப. வாங்கிட்டவன்கிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க? இறாலைச் சாப்பிடுங்க. சந்தோஷமா இருங்க. எந்தக் காரணத்தைக் கொண்டும் சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

க்ளெனிஸ் அப்போது அங்கே இல்லை. லாங்ரிஷ் அவரைக் கீழே கர்லூவுக்கு அழைத்துப் போயிருந்தார். நங்கூரத்துக்கு உட்கார மட்டுமல்ல, படுக்கவும் அனுமதி உண்டு. படுத்துப் பாருங்கள் என்று லாங்ரிஷே தலையணையைத் தட்டிப் போட்டார். க்ளெனிஸ் படுத்தார். மேலே தளத்தில் மழை விழும் சத்தம் முகத்துக்கு வெகு அருகில் கேட்டது. நார்மன் தேடிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும்போது க்ளெனிஸ் கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டார்.

“இதை நாங்க எடுத்துக்கறோம்.”

லாங்ரிஷ் பின்னால் ஓர் அடி வைத்தார்.

“மேடம்,” என்றார், குரல் உடைந்து. “இவ்வளவு நல்லா போயிட்டிருந்ததே!”

விஷயம் மேலே போயிற்று. மார்வுட்டின் விற்பனை இயக்குநர் மிஸஸ் ஹார்கோர்ட் தானே இறங்கி வந்தார். உயரமான பெண்மணி. எதிரில் இருக்கிறவர் ஒருவரானாலும் நூறு பேருக்கு முன் பேசுவது போலத்தான் பேசுவார்.

“மிஸ்டர் பர்கிஸ், உங்க ஆர்வம் எங்களுக்குக் கிடைச்ச கௌரவம். மார்வுட் படகு விக்கற கம்பெனி இல்லை. படகு யார் வேணும்னாலும் விக்கலாம். நாங்க ஆர்வத்தை வளர்க்கறோம். இந்த வருஷம் மட்டும் ஆர்வம் இரண்டு மடங்கு ஆயிருக்கு. அதுக்காக எனக்கு விருதே குடுத்தாங்க. நீங்க வாங்கிட்டீங்கன்னு வைங்க, உங்க ஆர்வம் அன்னிக்கே தீர்ந்துபோகும். எங்க கணக்குல ரெண்டு பேர் குறைஞ்சிடுவாங்க. இது உங்களுக்கே நியாயமா படுதா?”

“எங்களுக்கு ராத்திரி படுக்க இடம் வேணும்மா,” என்றார் நார்மன்.

“புரியுது, புரியுது. ஆனா இது கண்காட்சிப் படகு. இதை வித்துட்டா எதைக் காட்டறது? இங்கேருந்து ஜெர்மனி போகுது, அப்புறம் இத்தாலி. கண்காட்சியெல்லாம் முடிஞ்ச பிறகு தாராளமா விக்கலாம்.”

“எப்ப முடியும்?”

“படகு வித்ததும் முடியும்.”

“அப்ப புதுசா ஒண்ணு செஞ்சு குடுங்க. காத்திருக்கோம்.”

“கண்டிப்பா! எந்த விலாசத்துக்கு அனுப்பணும்?”

பஸ் ஓட்டிய காலத்தில் வழி மறித்த லாரிகளையும், குடித்துவிட்டு ஏறியவர்களையும், பனியில் வழுக்கிய மேட்டையும் சமாளித்தவர் நார்மன். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சாயங்காலம் துறைமுகத்தில் இருந்த படகெல்லாம் சேர்ந்து ஊதல் ஊதின. கண்காட்சி முடிந்தது. விற்பனையாளர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கம்பளங்களைச் சுருட்டினார்கள். டாம்சின் கர்லூவுக்குள் வந்து, “மேடம், மூடற நேரம்” என்றாள்.

க்ளெனிஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். கால்களைத் தரையில் வைத்தார். பிறகு மறுபடி மேலே எடுத்துக்கொண்டார்.

“எறங்கி எங்கேம்மா போறது?” என்றார்.

போராட்டம் செய்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே கேட்டார். டாம்சின் லாங்ரிஷை அழைத்தாள். லாங்ரிஷ் காவலாளியை அழைத்தார். காவலாளி படிக்கட்டில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நங்கூரம் ஒட்டியிருக்கே சார். நங்கூரத்தை நான் தொட முடியாது. வெளியேத்தற அதிகாரம் எனக்கு வெள்ளைக்கு மட்டும்தான்.”

“அப்ப வெள்ளையா மாத்திடு!”

“அவங்க விலை கேட்டாதான் சார் மாத்த முடியும். நீங்க போட்ட விதிதானே?”

லாங்ரிஷ் உள்ளே போனார். படகு லேசாக அசைந்தது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து விழுங்கினார்.

“மேடம், ஒரே ஒரு உதவி. என்ன விலைன்னு ஒரு தடவை கேளுங்களேன்.”

“எதுக்குப்பா?”

“சும்மா கேளுங்க மேடம். மெதுவா கேட்டாலும் போதும்.”

க்ளெனிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நேற்றிலிருந்து அவர் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார்.

“விலைல எல்லாம் எனக்கு ஆர்வமே இல்லை,” என்றார்.

“சார்! நீங்களாவது கேளுங்க சார்! நேத்து... நேத்து யாரோ ஒருத்தர் ரொம்ப அழகா கேட்டார், அந்த மாதிரி!”

கேட்டது தான்தான் என்று சொல்ல நார்மனுக்கு நா வரை வந்தது. க்ளெனிஸ் அவர் பக்கம் திரும்பினார். நார்மன் கொட்டாவி விட்டார்.

மிஸஸ் ஹார்கோர்ட் மறுபடி வந்தார். வாசலில் நின்று நிலைமையைக் கேட்டுக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது.

“என்னோட தொழில் வாழ்க்கையிலேயே இவ்வளவு நீண்ட ஆர்வத்தைப் பார்த்ததில்லை,” என்றார். “கண்காட்சி முடிஞ்ச பிறகும் தொடர்ற ஆர்வம்! லாங்ரிஷ், இவங்களை இறக்கறதா? இதை நாம ஜெர்மனிக்காரங்களுக்குக் காட்டணும்!”

காப்பீட்டுக் கம்பெனியோடு அவரே தொலைபேசியில் பேசினார். மெத்தை, திரைச்சீலை, விளக்கு, பர்கிஸ் தம்பதியர் எல்லாம் உள்ளலங்காரத்தில் சேரும் என்று முடிவாயிற்று. டாம்சின் மாடியில் மிஞ்சிய இறாலைக் கொண்டுவந்து வைத்தாள். போகும்போது வாசலில் நின்று, “இதுவரைக்கும் யாரும் எடுத்துக்கறோம்னு சொல்லி நான் கேட்டதில்லை மேடம்,” என்றாள். “கேக்க நல்லா இருந்தது.” அதைக் கருவியில் யாரோ கேட்டுவிட்டார்களோ என்று உடனே காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

காலையில் கிரேன் வந்து கர்லூவைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. ஒரு வருடமாக அவர்கள் ஆசைப்பட்ட படகு, அவர்கள் ஏறிக் குடியேறிய மறுநாள் தண்ணீரை விட்டு மேலே போயிற்று. தூசி படாமலிருக்க முழுப் படகையும் வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றி, சூடு காட்டி இறுக்கினார்கள். மூச்சுக்கு ஓர் ஓட்டை விட்டார்கள். ஜன்னலில் பார்த்தால் பால் மாதிரி ஒரு வெளிச்சம், வேறொன்றும் இல்லை. பிறகு லாரியில் ஏற்றினார்கள்.

இதையெல்லாம் நார்மன் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் ஃபோனில் சொன்னார். அங்கேதான் அவருக்கு சிக்னல் கிடைத்தது.

“எறங்கி வந்துடுங்க நார்மன்,” என்றேன். “லாரி எங்கேயாவது நிக்கும்போது தட்டுங்க. நான் காரை எடுத்துட்டு வர்றேன்.”

“எறங்கினா எங்க வட்டத்தைப் பிச்சுடுவாங்கப்பா,” என்றார். பிறகு, “க்ளென் அலமாரில தட்டை எல்லாம் அடுக்கிட்டா” என்றார்.

டோவர் துறைமுகத்தில் லாரி, கடல் கடக்கும் கப்பலில் ஏறியது. கர்லூ, அதைத் தூக்கிக்கொண்டிருந்த லாரி, முன்னும் பின்னும் காய்கறி லாரிகள் எல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் வரிசையாக நின்றன. டிரைவர் வண்டியைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு மேலே டீ குடிக்கப் போய்விட்டார். வாகனத் தளத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. உள்ளலங்காரத்துக்கு அது பொருந்துமா என்று நார்மனுக்குத் தெரியவில்லை. உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

எங்கோ அடியில் இயந்திரம் உறுமியது. கொஞ்ச நேரத்தில் அலமாரிக்குள் தட்டுகள் மரக்குச்சி வேலியில் மெல்லத் தட்டின. ஒரு முறை இந்தப் பக்கம். ஒரு முறை அந்தப் பக்கம். க்ளெனிஸ் படுக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நார்ம், ஆடுதா?”

“ஆடுது.”

“தண்ணியா?”

நார்மன் யோசித்தார். படகுக்கு அடியில் லாரி. லாரிக்கு அடியில் இரும்புத் தளம். அவருக்குத்தான் பொய் சொல்ல வராதே.

“தண்ணிதான்,” என்றார். “கொஞ்சம் கீழ இருக்கு.”